சித்திரப் படத்துப் போர்முறையும் போதிதருமரும்

ஜப்பானியர் ஆக்கி உலகெங்கும் அனுப்பும் 'அனிமே' என்னும் அசைவுச் சித்திரங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் இந்நாளில் பெருவிருப்போடு காண்கின்றனர். அவற்றுள் வரும் வீரர்களின் போர்முறைகள் காஞ்சிப் போதிதருமர் கற்பித்தவைதாமோ என்றும் வினவுகின்றனர். பௌத்தராகிய நாம் இதற்கு விடை கூறவேண்டிய முறையை ஆராய்வோம்.

'டிராகன் பால்' என்பது அகிரா தொரியாமா 1984 ஆம் ஆண்டில் வரையத் தொடங்கிய கதை. யுவான் சுவாங் இந்தியாவுக்கு வந்த யாத்திரையைக் கற்பனை கலந்து கூறும் 'மேற்றிசைப் பயணம்' என்னும் சீனக் கதையே அதற்கு வித்து. அதில் குரிரின் என்பவனுக்கு மழித்த தலையும் நெற்றியில் ஆறு புள்ளிகளும் உண்டு. சீனத் துறவியர் விரதம் ஏற்கையில் ஊதுவத்தியால் சுட்டுக்கொண்ட வடுக்களை அவை குறிக்கும். உடலை வருத்துதலைப் பகவர் விலக்கினார். இவ்வழக்கத்தைச் சீனப் பௌத்த சங்கமும் 1983 இல் நீக்கியது.

'நருட்டோ' என்பது மசாஷி கிஷிமோட்டோவின் கதை. 1999 இல் தொடங்கியது. அதில் நேஜி என்பவன் உள்ளங்கையால் தாக்கும் முறை, வட்டமாக நடந்து பயிலும் 'பாகுவா ஜாங்' என்னும் சீனக் கலையைத் தழுவியது. அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீகிங்கில் பரப்பியவர் துங் ஹாய்ச்சுவான். அதன் எட்டுக் குறிகள் 'இ சிங்' என்னும் சீன நூலைச் சார்ந்தவை. பௌத்தத்தைச் சார்ந்தவை அல்ல. அதே கதையில் வரும் ராக் லீ, திரைப்பட வீரர் புரூஸ் லீயின் சாயலில் அமைந்தவன். ஆகவே இப்போர்முறைகளுக்கு வேர் ஒன்றன்று, பல.

இனி, ஷாவோலின் விகாரையைக் காண்போம். அது 495 இல் பாதுவோ என்னும் இந்தியத் துறவிக்காகச் சீன அரசர் அமைத்தது. 621 இல் அவ்விகாரைத் துறவியர் போரில் இறங்கி லீ ஷிமின் என்பவருக்குத் துணை நின்றதை 728 ஆம் ஆண்டுக் கல்வெட்டு உரைக்கின்றது. போதிதருமரோ ஆறாம் நூற்றாண்டுக் குறிப்புகளில் காணப்படுபவர். 547 இல் எழுதப்பெற்ற லோயாங் நகரக் குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. தான்லின் என்பவர் தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி என்னும் பெயர் இவ்விரண்டிலும் இல்லை. அவர் உடற்பயிற்சி கற்பித்தார் என்னும் செய்தி 'இ ஜின் ஜிங்' என்னும் நூலால் பரவியது. அது அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னர், 1624 அளவில் தோன்றியது என்பர் ஆராய்ச்சியாளர். அறுந்த இழையில் வேறு நூலை முடிந்துவிட்டு, முழு இழை என்று கூறுவது போன்றது இது.

'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் 2011 இல் வெளிவந்த பின்னர், இக்கதை நம்மவரிடையே வரலாறாகவே நிலைத்துவிட்டது. நம்மைத் தாழ்த்திய புராணங்களை நோக்கி, "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு வெளியேறியவர்கள் நாம். நம்மை உயர்த்தும் புராணத்தை மட்டும் ஆதாரமின்றி ஏற்பது நேர்மையாகுமோ? பரம்பரையாக வந்தது என்பதற்காகவோ, பலர் கூறுகின்றனர் என்பதற்காகவோ ஒன்றை ஏற்க வேண்டா என்று கேசபுத்தத்தில் காலாமருக்குப் பகவர் அறிவுறுத்தினார். அவ்வுரை நமக்கு இனிக்கும் செய்திக்கும் பொருந்தும்.

அங்ஙனமாயின் போதிதருமரால் நமக்குப் பெருமை இல்லையோ எனின், உண்டு. அவரது போதனையாகத் தான்லின் தந்த சிறு நூல் இரு நுழைவுகளையும் நான்கு ஒழுகல்களையும் கூறுகின்றது. சுவர் போல் அசையாத மனம், துன்பம் வந்தபோதும் பகை கொள்ளாமை, எதனையும் நாடி அலையாமை ஆகியவை அதிற் காணப்படும். அடிக்கும் முறை ஒன்றேனும் அதில் இல்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகள் சித்திரங்களைக் காண்பதைத் தடுக்க வேண்டா. உடன் அமர்ந்து, எது சீனத்தது, எது திரைப்படத்தினின்று வந்தது, எது தருமம் என்று பிரித்துக் காட்டுங்கள். உடலுக்கு உறுதி தரும் பயிற்சி நன்றே. அதனைப் பிற உயிரை வருத்தப் பயன்படுத்தாமை முதற் சீலம். உறுதிப்படாததை உறுதி என உரையாமை நான்காம் சீலம். இவ்விரண்டையும் காப்பவனே போதிதருமரின் வழி வந்தவன்.