பருத்தி வேரில் இரு பகைவர்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் முக்கியப் பயிர்கள். பருத்தி வயலில் திட்டுத் திட்டாகச் செடிகள் குட்டையாக நிற்பதும், மண்ணில் ஈரமிருந்தும் உச்சி வெயிலில் வாடுவதும் உண்டு. யூரியா இட்டும் செடி தேறாவிட்டால், வேரைச் சோதித்துப் பார்ப்பது நலம். அங்கே நூற்புழுக்கள் இருக்கக்கூடும்.

பருத்தியைத் தாக்கும் நூற்புழுக்களில் இரண்டு முக்கியமானவை. வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு, வேர் நுனியை ஒட்டிப் புகுந்து அங்கேயே தங்கிவிடும். அவ்விடம் வீங்கி முடிச்சாகும். மொச்சை வடிவ நூற்புழு முடிச்சை உண்டாக்காது. பெண் புழு தலைப்பகுதியை வேருக்குள் செலுத்தி, பின்பகுதியை வெளியே வைத்திருக்கும். முட்டைகளைச் சுற்றியுள்ள பசையில் மண் ஒட்டுவதால், வேரை அலசிய பிறகும் அழுக்குப் படிந்ததுபோல் தோன்றும். முன்னது மணற்பாங்கான நிலத்திலும், பின்னது களி கலந்த நிலத்திலும் அதிகம்.

இரண்டும் ஒரே வேரில் கூடினால் இடத்துக்கும் உணவுக்கும் போட்டி ஏற்படும். முந்தி வந்த புழு, அல்லது எண்ணிக்கையில் மிகுந்த புழு மற்றதைப் பெருகவிடாது. இதனால் செடிக்கு லாபமில்லை. வென்ற புழு உண்பதும் அதே வேரைத்தான். புழு தாக்கிய வேரில் பூசண நோயும் எளிதில் பற்றும். வேர்முடிச்சு கண்ட பருத்தியில் வாடல் நோய் கடுமையாவதை, 1892-ல் அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் என்ற அறிஞர் எடுத்துரைத்தார்.

எந்தப் புழு என்று அறியாமல் பயிரை மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். மக்காச்சோளம் பயிரிட்டால் மொச்சை வடிவப் புழு குறையும். ஆனால் வேர்முடிச்சுப் புழு மக்காச்சோள வேரிலும் பெருகும். முடிச்சு சிறிதாக இருப்பதால் கண்ணில் படாது. அடுத்த பருத்தியில் அது தலைதூக்கும். இவ்விரண்டுக்கும் நிலக்கடலை ஏற்ற உணவல்ல. எனவே மண் ஒத்துவரும் இடங்களில் அதைச் சுழற்சியில் சேர்க்கலாம். மொச்சை வடிவப் புழு உள்ள நிலத்தில் ஆமணக்கையும் தட்டைப்பயறையும் தவிர்க்கவும்.

சந்தேகமுள்ள செடியைப் பிடுங்காமல், மண்வெட்டியால் தோண்டி எடுத்து வேரை வாளி நீரில் அலசிப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அரையடி ஆழத்தில் எடுத்த மண்ணைக் கலந்து, கால் கிலோ அளவு, சிறு வேர்களுடன் பாலிதீன் பையில் கட்டி நிழலில் வைக்கவும். பரிசோதனைக்கு எங்கு அனுப்புவது என்பதை வாலிகண்டபுரம் அல்லது சோழமாதேவி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம்.

கோடையில் இரண்டு மூன்று முறை உழுது மண்ணை வெயிலில் காயவிடுவதும், கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் பயன் தரும். வேரைப் பார்த்த பின் உரத்தைப் பற்றி முடிவு செய்தால் வீண் செலவு மிச்சமாகும்.