தோட்டத்துக் குளத்தில் கயாக்: முதலில் கவிழப் பழகுங்கள்

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டியிருப்பவர், கயாக் பழக ஆறு தேடி அலைய வேண்டாம். குளத்தில் நாலு துடுப்பு போடுவதற்குள் சுவர் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உயிரைக் காக்கும் பாடங்களுக்கு நீளம் தேவையில்லை. கவிழ்வது, தலைகீழாகத் தொங்கும்போது பதறாமல் வெளியே வருவது, படகை நிமிர்த்துவது எல்லாம் நின்ற இடத்திலேயே நடப்பவை.

குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீர் வேண்டும். ஆழம் நாலரை அடிக்குக் குறைந்தால் கவிழும்போது தலை தரையில் இடிக்கலாம். ஐந்து அடியைத் தாண்டினால் உதவிக்கு நிற்பவருக்குக் கால் ஊன்றாது. கிணற்றில் நீச்சல் பழகிய ஊர்க்காரர்களுக்குக் கயாக்கையும் அங்கேயே இறக்கத் தோன்றும். கூடாது. உதவியாளர் நிற்க அங்கே தரை கிடையாது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டை அதைவிட ஆபத்து. ஈரமான சரிவில் கால் வழுக்கும், நீச்சல் தெரிந்தவராலும் கரையேற முடியாது.

நீச்சல் தெரியாதவர் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வரட்டும். பழகுவதற்கு இரண்டரை, மூன்று மீட்டர் நீளமுள்ள, உள்ளே உட்காரும் குட்டைப் படகு நல்லது. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், மூக்கு கிளிப் மூன்றும் அவசியம். குளத்து விளிம்பில் பழைய சாக்கை மடித்துப் போட்டால் படகும் உடையாது, கையும் கிழியாது.

முதல் பாடம் வெளியேறுவது. உதவியாளர் பக்கத்தில் நிற்க, மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் படகின் மேல்தளத்தை நோக்கக் குனிந்தபடியே கவிழுங்கள். குனிந்திருந்தால்தான் நாளை ஆற்றில் முகம் பாறையில் படாது. தலைகீழாக இருக்கும்போதே படகின் அடியை இரண்டு கையாலும் மூன்று முறை தட்டுங்கள். அவசரப்படாமல் இருக்க அந்தத் தட்டலே பயிற்சி. பிறகு இருக்கையின் இருபுறமும் கையை ஊன்றி, இடுப்பைத் தள்ளி வெளியே வாருங்கள். இது பழக்கமான பிறகே படகின் வாயை மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டுங்கள். அதன் முன்பக்க இழுப்பு வார் எப்போதும் வெளியே தொங்கவேண்டும். அது உள்ளே மாட்டிக்கொண்டால் திறக்க வழி தெரியாமல் தவிக்க நேரும்.

அடுத்தது இடுப்பு. குளத்து விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, கன்னம் தண்ணீரில் படும்வரை பக்கவாட்டில் சாயுங்கள். தண்ணீர்ப் பக்கத்து முழங்காலால் படகை மேலே உந்தினால் அது நிமிரும். தலை கடைசியில்தான் எழ வேண்டும். மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்கினால் உடல் எடை படகை மறுபடி இழுத்துக் கவிழ்த்துவிடும். எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். வாரக்கணக்கில் இதிலேயே நின்றாலும் நேரம் வீணில்லை. விளிம்பை அழுத்திப் பிடிக்காமல் விரல் நுனி பட்டாலே படகு நிமிரும் நிலை வந்தபின், விளிம்புக்குப் பதில் உதவியாளரின் கை, அதன்பின் துடுப்பு.

துடுப்பால் உருண்டு எழும் இந்த வித்தை கிரீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர்களுடையது. 1930-31இல் அங்கே போன ஆங்கிலேயர் ஜினோ வாட்கின்ஸ் அதை அவர்களிடம் கற்றுத் தேர்ந்தார். அவரே 1932 ஆகஸ்டில் தனியாகக் கயாக்கில் வேட்டைக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீட்டுக் குளம்தானே என்று ஒரு நாள்கூடத் தனியாக இறங்காதீர்கள்.

துடுப்பு வலிக்கப் பழக ஒரு வழி இருக்கிறது. பழைய சைக்கிள் டியூபை முடிந்து, படகின் பின்முனையையும் கரையில் உள்ள உறுதியான தூணையும் இணையுங்கள். படகு நகராது, உடம்பைத் திருப்பி வலிக்கிறீர்களா, கையால் மட்டும் இழுக்கிறீர்களா என்பது தெளிவாகத் தெரியும். கட்டியிருக்கும்போது ஸ்கர்ட் வேண்டாம், கவிழும் பயிற்சியும் வேண்டாம்.

குளம் நீரோட்டத்தைக் கற்றுத்தராது. ஆகவே அடுத்து நேராகக் காவிரிக்குப் போகாமல், அனுமதி பெற்று அமைதியான ஏரி ஒன்றில் பழகுங்கள். மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிப் பக்கம் நடக்கும் மலபார் நதித் திருவிழாவில், சாலிப்புழை வெள்ளத்தில் தேர்ந்தவர்கள் கவிழ்ந்து எழுவதைக் கரையில் நின்று பார்க்கலாம். ஆற்றில் இறங்குவது பயிற்றுநரோடு மட்டும்.

பயிற்சி முடிந்ததும் படகைக் குளத்தில் விட்டுவைக்காதீர்கள். மிதக்கும் படகு குழந்தைகளைத் தண்ணீருக்குக் கூப்பிடும். கவிழ்த்து நீரை வடித்து, நிழலில் ஏற்றிவைத்து, குளத்து வேலிக் கதவைப் பூட்டுங்கள்.