கருகிய போர்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: ஐயா, இரண்டு வருட வாரண்டியோடு 42,000 ரூபாய்க்கு டிஷ்வாஷர் வாங்கினோம். இருபதாவது மாதத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயர் கருகும் வாடை வந்தது. வந்து பார்த்த டெக்னீஷியன், "டிபன் பாக்ஸ் மூடி ஹீட்டர் மேல விழுந்து உருகியிருக்கும், பிளாஸ்டிக் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன மாதம், வாரண்டி முடிந்து இரண்டு மாதம் கழித்து, கதவுப் பக்கமிருந்து புகை கிளம்பிப் பக்கத்து அலமாரிப் பலகை கருகிவிட்டது. மெயினை அணைத்ததால் தப்பித்தோம். கதவுக்குள் இருக்கும் போர்டு எரிந்திருக்கிறது, மாற்ற 14,500 ரூபாய், பழைய போர்டை நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்கிறார்கள். உங்கள் வீட்டு வோல்டேஜ்தான் காரணம் என்றும் சொல்கிறார்கள். வாரண்டி முடிந்த பிறகு வழக்குப் போட முடியுமா?

— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போட முடியும். அதற்கு முன்னால், அந்தப் போர்டைக் கொடுக்காதீர்கள். எது எரிந்தது, எங்கிருந்து எரியத் தொடங்கியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அது சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டால், பிறகு நீங்கள் சொல்வதும் அவர்கள் சொல்வதும் மட்டுமே மிஞ்சும். இயந்திரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதற்குப் போகும் எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இருக்கிற நிலையிலேயே படமும் வீடியோவும் எடுத்து வையுங்கள். பிளக்கின் கால்கள், சாக்கெட், சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் இடம், அலமாரிப் பலகை எல்லாம் படத்தில் வரட்டும். படம் எடுத்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வாரண்டி என்பது கம்பெனி தானாக முன்வந்து கொடுக்கும் வாக்கு. குறையுள்ள பொருளை விற்றவர்களிடம் நியாயம் கேட்கும் உரிமையோ 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்தது. வாரண்டி முடிந்த நாளோடு அது முடிந்துவிடாது. நிரூபிப்பது சற்றுக் கடினமாகும், அவ்வளவே. உங்களுக்கு அந்தக் கடினமும் பெரிதில்லை, ஏனென்றால் முதல் புகார் வாரண்டிக்குள்ளேயே போயிருக்கிறது. அன்றே கதவைத் திறந்து பார்த்திருந்தால் இன்று அலமாரி கருகியிருக்காது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். அந்தப் புகார் எண் வந்த எஸ்.எம்.எஸ்., டெக்னீஷியன் வந்த தேதி, வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் தேடி எடுங்கள். ஜாப் ஷீட் தரவில்லையென்றால், சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு, இதுவரை நடந்த சர்வீஸ் விவரம் முழுவதையும் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பும் நுகர்வோர் ஆணையத்தின் முன் உங்களுக்கு உதவும்.

டெக்னீஷியன் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பிளாஸ்டிக் மூடி ஹீட்டரில் விழுந்து உருகினால் வாடை வரும் என்பது உண்மைதான். ஆனால் உருகிய மூடி தொட்டிக்குள் கிடக்க வேண்டும், ஹீட்டரில் அதன் பிசிறு ஒட்டியிருக்க வேண்டும். பல மாடல்களில் ஹீட்டர் தொட்டிக்கு அடியில் மறைவாக இருக்கிறது. அங்கே மூடி போய் விழவே வழியில்லை. உங்கள் மாடலில் ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று கையேட்டைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எரிந்தது கதவுக்குள் இருக்கும் போர்டு. தொட்டியின் அடியில் உருகிய மூடிக்கும் கதவுக்குள் எரிந்த போர்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். கதவுக்குள் கோளாறு வருவது புதிய சங்கதியும் அல்ல. 2007-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஏறக்குறைய 25 லட்சம் டிஷ்வாஷர்களைத் திரும்ப அழைத்தது. பாத்திரம் பளபளக்க ஊற்றும் திரவம் கதவிலிருக்கும் அதன் கிண்ணத்திலிருந்து கசிந்து உள் ஒயர்களில் பட்டு, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததே காரணம்.

வோல்டேஜ் என்ற பதிலுக்கு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு லைனைச் சோதித்து, எழுத்தில் கையெழுத்தோடு வாங்குங்கள். டிஷ்வாஷர் தண்ணீரைச் சுடவைக்கும்போது சுமார் 2,000 வாட் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் வேண்டும். ஒருவேளை 6 ஆம்பியர் பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷன் ஒயரிலோ மாட்டியிருந்தால் என்னிடமோ உங்கள் வழக்கறிஞரிடமோ மறைக்காதீர்கள். அப்படி மாட்டிக்கொடுத்தது கம்பெனி ஆளே என்றால், தவறான சேவைக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

மனு எழுதும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த 2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. உற்பத்திக் குறையோ வடிவமைப்புக் குறையோ பாதிப்பை உண்டாக்கினால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 84-ஆம் பிரிவு. ஆனால் அந்த அத்தியாயத்தில் 'பாதிப்பு' என்பது உடலுக்கோ மற்ற சொத்துக்கோ ஏற்பட்டதும் அதனால் வந்த மன உளைச்சலும் போன்றவை மட்டும். இயந்திரத்துக்கு ஏற்பட்ட சேதம் அதில் சேராது. ஆகவே அலமாரிச் செலவையும் அதனால் வந்த மன உளைச்சலையும் பொருள் பொறுப்பின் கீழும், 42,000 ரூபாயையோ புதிய இயந்திரத்தையோ குறையுள்ள பொருள், குறைபாடுள்ள சேவை என்ற தலைப்பிலும் கேளுங்கள். தயாரிப்பாளர், விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் சரியில்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம். முதல் புகார் நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பு. மனுவோடு, போர்டை ஆணையம் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 38-ஆம் பிரிவின் கீழ் தனியாக ஒரு மனுவும் கொடுங்கள். ஆய்வுக் கட்டணத்தை நீங்கள் செலுத்த வேண்டிவரலாம். தயங்காமல் செலுத்துங்கள்; அந்த அறிக்கைதான் வழக்கைத் தீர்மானிக்கும்.

நோட்டீஸ் போனதும் பாதி விலையில் போர்டு மாற்றித் தருகிறோம் என்று போன் வரும். பேசுங்கள், தவறில்லை. ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியுள்ள எந்தத் தாளிலும் அலமாரிச் செலவைச் சேர்க்காமல் கையெழுத்திடாதீர்கள். பாதி விலைக்குப் போட்ட போர்டு மறுபடி புகைந்தால் அந்தக் கையெழுத்தை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். இதே மாடல் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும், இரவு போட்டுவிட்டுத் தூங்குகிறவர்களும் இருப்பார்கள். ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. அதற்கான புகாரை 17-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். நோட்டீஸ் நகல், போர்டின் படம், மாடல் எண் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.