தூக்கிப்போடும் குழந்தைக்கு ஒரு பழைய வேட்டி

விளக்கு வைக்கிற நேரமானால் போதும், பேத்தி ஆரம்பித்துவிடுவாள். வயிறு நிறையக் குடித்திருப்பாள், இடுப்புத்துணி ஈரமில்லை, எறும்பு கடித்த தடம் இல்லை. அழுகை மட்டும் ஏறிக்கொண்டே போகும். பிறந்து ஆறு வாரம் வரை சாயங்கால அழுகை இப்படிக் கூடி, பிறகு மெல்லக் குறையும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-லேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆறு வாரத்தைத் தாண்டும்வரை பெற்றவளுக்குக் கைவசம் ஏதாவது வேண்டுமே. எங்கள் வீட்டில் அது ஒரு பழைய வேட்டி.

எங்களுக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை. மகள் பிரான்சிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். வைகாசியில் குழந்தை பிறந்தது. கத்திரி முடிந்தும் புழுக்கம் விடாத நாட்கள். மாப்பிள்ளையின் அக்கா அங்கிருந்து ஒரு தூக்கப்பை அனுப்பியிருந்தாள். மேலே கையில்லாத சட்டை, கீழே பை. ‘ஜிகோத்தூஸ்’ என்பார்கள். பிரான்சில் பிள்ளைகளுக்குப் போர்வை போர்த்துவதில்லை, இதற்குள்தான் தூங்க வைக்கிறார்கள். போர்வை மூக்கில் ஏறும் பயமில்லாத நல்ல ஏற்பாடு. ஆனால் அது பஞ்சு வைத்துத் தைத்தது, நம் ஊர் வைகாசிக்கு ஆகாது. தவிர, அதில் கை இரண்டும் வெளியே இருக்கும். பேத்திக்குப் பிரச்சினையே கைதான்.

பச்சைக் குழந்தைக்குத் தூக்கிப்போடும். தெருவில் ஒரு புல்லட் போனாலும், கதவு அடித்தாலும், இரண்டு கையையும் விரித்து உதறி, தன் கையாலேயே தன் தூக்கத்தைக் கலைத்துக்கொள்ளும். ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய மோரோ என்ற மருத்துவர் 1918-ல் இதை விவரித்தார். அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். நாலைந்து மாதத்தில் தானாக மறைந்துவிடும். அதுவரை கையை இதமாக அணைத்து வைத்தால் பாதி அழுகை நின்றுவிடும். துணியில் சுற்றுவதன் பலன் இவ்வளவுதான். பசி, சூடு, வயிற்றுவலி எதையும் துணி தீர்க்காது. எந்த அழுகை தூக்கிப்போட்டு வந்தது என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பேத்தி முகத்தைத் திருப்பித் திருப்பித் தேடி, விரலை வாய்க்குக் கொண்டுபோனால் அது பசி. அப்போது கையைக் கட்டவே கூடாது; பசிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வேறு வழியில்லை.

வேட்டி பல வருஷம் துவைத்து மெத்தென்று ஆனதாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரமாகக் கிழித்துக்கொண்டேன். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தொப்பி வைத்த கம்பளித் துணி வண்ணவண்ணமாகத் தொங்கும். ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், நம் வெயிலுக்கு அது அவித்துவிடும்.

துணியை மூலைவாட்டில் விரித்து மேல் மூலையை உள்பக்கம் மடித்துக்கொள்வேன். மடிப்புக்கு நேரே குழந்தையின் தோள் வர வேண்டும், கழுத்துக்கு மேலே துணி ஏறக் கூடாது. ஒரு கையை மார்பருகே மடக்கி வைத்து, அந்தப் பக்கத்துத் துணியைக் குறுக்கே கொண்டுவந்து மறுபக்க முதுகின் அடியில் செருக வேண்டும். பேத்திக்கு விரல் கன்னத்தருகே இருந்தால்தான் பிடிக்கும். பக்கவாட்டில் நீட்டிவைத்தால் முறுக்கிக்கொண்டு சிவந்துபோவாள். அடுத்து கீழ் மூலையைத் தளர்வாக மேலே மடித்து, கடைசியில் அடுத்த பக்கம். மார்புக்கும் துணிக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாகப் போய்வரும் அளவுதான் இறுக்கம். உள்ளே இடுப்புத்துணி தவிர எதுவும் கிடையாது. மின்விசிறி ஓடும். பின்கழுத்தை அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன், வேர்த்திருந்தால் உடனே அவிழ்த்துவிடுவேன்.

எதிர்வீட்டு ஆயா பார்த்துக்கொண்டே இருந்தது. “காலை நீட்டி இறுக்கிக் கட்டும்மா. அப்பதான் கோணாம வளரும்.”

“வேணாம் ஆயா. கால் மடங்கியே இருக்கட்டும், நீட்டிக் கட்டினா இடுப்பு மூட்டு நழுவிடும்” என்றேன்.

ஆயா சொன்னதுதான் நிறைய ஊர்களில் வழக்கமாக இருந்தது. ஜப்பானில் பிள்ளைகளின் காலை நீட்டிக் கட்டிவைக்க வேண்டாம் என்று 1975-ல் நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்பின் இடுப்பு மூட்டு விலகிய குழந்தைகள் அங்கே வெகுவாகக் குறைந்தார்கள். பிரான்சில் அதற்கும் வெகுகாலம் முன்பே, 1762-ல், ரூசோ தன் ‘எமில்’ நூலில் குழந்தையைக் கட்டிப்போடும் பழக்கத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். அவர் பார்த்தது தலை முதல் கால் வரை அசையவிடாமல் கட்டிய பிள்ளைகளை. அவர் கோபம் நியாயமானது. தவளைபோல மடங்கும் காலை அப்படியே விட்டுவிட வேண்டும், துணிக்குள் அது உதைக்க இடமிருக்க வேண்டும்.

சுற்றிய குழந்தை எப்போதும் மல்லாந்துதான் படுக்க வேண்டும். ஒருக்களித்தும் வேண்டாம், குப்புறவும் வேண்டாம். பக்கத்தில் தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. ஏணை எங்கள் வீட்டிலும் உண்டு, அதன் ஆட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சுற்றிய குழந்தையை ஏணையில் போட விடமாட்டேன். ஏணைக்குள் தலை குனிந்து தாடை மார்பில் முட்டினால் மூச்சுக்குத் திணறும், கையும் கட்டியிருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்? தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும், காதருகே ‘உஷ்ஷ்’ என்று நீளமாகச் சொல்வதும் அந்த ஆட்டத்துக்கு ஈடாகும்.

மூன்றாம் மாத வாக்கில் பேத்தி ஒருபக்கம் சாயப் பார்த்தாள். அன்றே நிறுத்திவிட்டோம். குழந்தை புரள எத்தனித்தால் நிறுத்தியே ஆக வேண்டும், குப்புறக் கவிழ்ந்தால் கை இருந்தால்தான் முகத்தைத் தூக்க முடியும். அதற்கு முன்பே சில இரவுகள் ஒரு கையை மட்டும் வெளியே விட்டுப் பழக்கியிருந்ததால் பெரிய ரகளை இல்லை.

இடையில் ஒருநாள் விடாமல் அழுதபோது, “உரம் விழுந்திருக்கும், எடுத்துடலாம்” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். புடவையில் போட்டு இரண்டு பேர் இப்படியும் அப்படியும் உருட்டுவது. தலை நிற்காத பிள்ளையை அப்படி உருட்டிக் குலுக்கினால் மூளைக்கே ஆபத்து. பெரியவர்கள் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள், ஆனால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

எதற்கும் அடங்காத அழுகையோடு பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ துணியை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையோ கோரிமேடு ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே போங்கள். போகும்போது காய்ச்சல் குழந்தையைப் பொத்திப் பொத்தி எடுத்துப்போக வேண்டாம், ஒரு மெல்லிய துணி போதும்.