இடது காலின் வேலை

டேராடூனிலிருந்து மசூரிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுடையது. டேராடூன் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது. மசூரியோ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே வழியின் பெரும்பகுதி ஏற்றமும் வளைவுமே. கோடை விடுமுறையில் வெயிலுக்கு அஞ்சி மலையேறுவோரின் வண்டிகள் அங்கு வரிசை கட்டி நிற்கும், பத்தடி நகரும், மீண்டும் நிற்கும்.

அத்தகைய ஒரு ஞாயிறன்று, தஞ்சாவூரிலிருந்து பணிமாற்றம் பெற்று டேராடூனுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் தன் காரில் மசூரிக்குப் புறப்பட்டது. தந்தை வண்டியை ஓட்டினார். எட்டாம் வகுப்பில் பயிலும் மகளும், ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியும் பின்னே அமர்ந்திருந்தனர். தஞ்சைச் சமவெளியில் பதினைந்து ஆண்டுகள் கார் ஓட்டியவர் தந்தை. ஏற்றத்தில் வரிசை நின்றபோதெல்லாம் அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி, வண்டி முன்னும் போகாமல் பின்னும் உருளாமல் நிறுத்தி வைத்தார். ஓட்டுநர்கள் இதனை ‘ஹாஃப் கிளட்ச்’ என்பர். பார்ப்பதற்கு இது பெருந்திறமையாகத் தோன்றும். அவ்வாறு எண்ணிப் பெருமைப்படுவோரும் பலர்.

ஒரு மணி நேரம் கழிந்தது. “ஏனப்பா, காகிதம் தீய்வது போல வாடை வருகிறதே?” என்றார் பாட்டி. “வெளியே எங்கோ எரிகிறது அம்மா” என்றார் தந்தை. அடுத்த வளைவில் வரிசை நகர்ந்தது. எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. பின்னால் நின்ற பேருந்து ஓயாமல் ஒலியெழுப்பியது. கார் ஓரடி பின்னோக்கி உருண்டது. தந்தை சட்டென ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பாட்டி பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

நிகழ்ந்தது என்ன? எஞ்சின், வண்டி நிற்கும்போதும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சுழல்கிறது. சக்கரமோ நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும். இவ்விரண்டையும் இணைக்கவும் பிரிக்கவும் அமைந்ததே கிளட்ச். எஞ்சினோடு சுழலும் கனத்த ஃப்ளைவீல் ஒருபுறம்; ஸ்பிரிங்கின் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபுறம்; நடுவே, கியர் பெட்டியோடு இணைந்த கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் அந்தப் பிளேட் விடுபடும். விட்டால் இரண்டிற்கும் இடையே இறுகப் பிடிபடும்.

உள்ளங்கைகள் இரண்டையும் அசையாமல் இறுகச் சேர்த்து வையுங்கள், சூடு பிறப்பதில்லை. விலக்கி வையுங்கள், அப்போதும் இல்லை. ஒட்டவைத்துத் தேய்த்தால்தான் சுடுகிறது. கிளட்சும் அவ்வாறே. முழுவதும் மிதித்த நிலையிலும் முழுவதும் விட்ட நிலையிலும் பிளேட் தேய்வதில்லை, இடைநிலையில்தான் தேய்கிறது. வண்டி புறப்படும் ஒவ்வொரு முறையும் அந்த இடைநிலையை ஓரிரு நொடிகளில் கடந்தே ஆக வேண்டும். தந்தையோ நின்ற நேரமெல்லாம் அங்கேயே தங்கியிருந்தார். மலையேற வேண்டிய ஆற்றல் வெப்பமாகிப் பிளேட்டைத் தீய்த்தது.

பேருந்திலிருந்து இறங்கிய நால்வர் காரை ஓரமாகத் தள்ளினர். அரை மணி நேரம் ஆறியபின் கிளட்ச் ஓரளவு பிடித்தது. வண்டியைத் திருப்பி மெல்ல இறங்கினர். பாட்டி அன்று மசூரியைக் காணவில்லை.

மறுநாள் மெக்கானிக் கியர் பெட்டியை இறக்கிப் பிளேட்டை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். உராய்வுப் பட்டை தேய்ந்து, அதனைப் பிடித்திருந்த ரிவெட்டுகளின் தலைகள் வெளியே தெரிந்தன. ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தன. இரும்பு மிகுதியாகச் சூடேறியதன் அடையாளம் அது.

“ஒரே நாளில் இப்படி ஆகாது, சாப்” என்று இந்தியில் கூறிய அவர், காரினுள் குனிந்து கிளட்ச் பெடலைப் பார்த்தார். அதன் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. “ஓடும்போதும் கால் இதன்மேலேயே இருக்குமோ?” என்று கேட்டார். தந்தை விடை கூறவில்லை. காலின் எடை சிறிதானாலும் பிளேட்டின் பிடியைத் தளர்த்தக்கூடும். ரிலீஸ் பேரிங்கும் ஓயாமல் உழைத்துத் தேயும். டாப் கியரில் அழுத்தினால் எஞ்சின் ஒலி மட்டும் உயர்ந்து வேகம் உயராதிருந்ததைத் தந்தை சில வாரங்களாகவே கண்டிருந்தார். பெட்ரோலைக் குறை கூறியிருந்தார்!

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றப்பட்டன. கியர் பெட்டியை இறக்கும் கூலியே பெரிது. ஆதலால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம்.

பாட்டி ஊர் திரும்புவதற்கு முன் மீண்டும் ஒருநாள் புறப்பட்டனர். மகள் இம்முறை முன்னிருக்கையில் அமர்ந்து தந்தையின் இடது காலையே கவனித்தாள். வரிசை நின்றது. ஹேண்ட் பிரேக் ஏறியது. கியர் நியூட்ரலுக்கு வந்தது. கால் தரையில் இருந்தது. முன்வண்டி நகர்ந்ததும் முதல் கியர். கிளட்ச் மெல்ல எழுந்தது. எஞ்சினின் ஒலி சற்றுத் தாழ்ந்தது. “பிடித்துவிட்டது அப்பா” என்றாள் மகள். தந்தை ஆக்சிலரேட்டரை அழுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார்.

பயிற்சி

1. எஞ்சின் உறுமியும் கார் நகராதது ஏன்? உள்ளங்கை எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.

2. மெக்கானிக் பெடலின் ரப்பரிலிருந்து எதனை உணர்ந்தார்?

3. உங்கள் வீட்டிலோ பள்ளிப் பேருந்திலோ வண்டி ஓட்டுபவரின் இடது காலை ஒரு பயணம் முழுவதும் கவனித்து, கண்டதைப் பத்து வரிகளில் எழுதுக.