சூரிச்சில் யாருக்கு அதிகாரம்?

கேள்வி: மகன் வேலைக்காகச் சூரிச் போயிருக்கிறான். அங்கே எல்லாம் மேயர் கையில்தானா? நகராட்சியில் குறை என்றால் அவன் யாரிடம் போவது?

பதில்: மேயர் ஒருவர் நினைத்து அங்கே எதுவும் நடந்துவிடாது அம்மா. நகரை நடத்துவது 9 பேர் கொண்ட நிர்வாகக் குழு. ஒன்பது பேரையும் 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிதி, பள்ளி, சமூகநலம், பாதுகாப்பு என்று ஆளுக்கொரு துறை. மேயரும் அந்த ஒன்பதில் ஒருவர்தான். குழுவுக்குள் எதிர்த்து வாதாடித் தோற்றவர்கூட, வெளியே வந்து கூட்டு முடிவுக்காகத்தான் பேச வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு இது.

பட்ஜெட்டை 125 உறுப்பினர் கொண்ட நகர மன்றம் நிறைவேற்றும். மன்றத்தின் பல முடிவுகளை எதிர்த்து 2,000 வாக்காளர்கள் 60 நாளுக்குள் கையெழுத்திட்டால் பொது வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்.

சுவிஸ் குடியுரிமை இல்லாதவரை உங்கள் மகனுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் குறை சொல்ல வழி இருக்கிறது. முதலில் உரிய துறையிடம் கேட்கட்டும். சரிப்படாவிட்டால் 1971 முதல் இயங்கும் நகரக் குறைகேள் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, பேசியது வெளியே போகாது.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்: வீட்டுக் குப்பையை, சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் நகராட்சியின் கட்டணப் பையில்தான் கட்டி வைக்க வேண்டும். சாதாரணப் பையில் வைத்தால் அபராதம் வரும்.