ஆங்கில ரசீதில் எந்தச் சொல்லை எழுதுவது?

நம் காஞ்சிபுரத்தில் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடையில் கணக்கெழுதும் வாலிபர்களுக்கும் வெளியூர்களுக்கு ஆங்கிலத்தில் ரசீது எழுத நேரிடுகிறது. இலக்கணப் பிழை இல்லாவிட்டால் போதும் என்று அநேகர் நினைக்கிறார்கள். ஆனால் இலக்கணம் சரியாயிருந்தும் வாங்குகிறவர் ஏமாந்துபோகக் கூடும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

புடவை ரேயான் இழையால் நெய்தது. ரசீதில் ‘ஆர்ட் சில்க்’ என்று எழுதுவதா, ‘ரேயான்’ என்று எழுதுவதா? இரண்டும் வியாபாரத்தில் வழங்கும் சொற்களே. இங்கே ‘ஆர்ட்’ என்பது கலையல்ல. செயற்கை என்று பொருள்படும் ‘ஆர்ட்டிபிஷியல்’ என்பதன் சுருக்கம். 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் ஷார்தொன்னே என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கைப் பட்டைக் காண்பித்தார். 1924-ல் அமெரிக்காவில் ‘ரேயான்’ என்ற தனிப்பெயர் ஏற்கப்பட்டது. அதுமுதல் பட்டின் பெயரைக் கடன் வாங்காமலே அந்த இழையைச் சொல்ல முடிந்தது.

ஆகையால் ‘ரேயான்’ என்பதே தக்க சொல். மகள் கலியாணத்துக்குப் புடவை வாங்கும் தாய், ‘ஆர்ட் சில்க்’ என்பதைக் கலைவேலையுள்ள பட்டு என்று எண்ணிவிடலாம். பிறகு ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் தரும்; ரேயான், காகிதம்போல் எரியும். அப்போது கெடுவது ஒரு கடையின் பெயர் மட்டுமல்ல. 2005–06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டின் மதிப்பும், அசல் பட்டு நெய்கிறவரின் கூலியும் அதோடு பாதிக்கப்படும்.

‘டெஸ்டெட் ஜரிகை’ என்பதும் இப்படியே. சோதித்துத் தேறிய ஜரிகை என்று காதில் விழுகிறது. வியாபாரத்திலோ அது வெள்ளியும் பொன்னும் சேர்ந்த அசல் ஜரிகைக்குப் பெயரல்ல. ‘இமிடேஷன் ஜரிகை’ என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

“உள்ளதை எழுதினால் விற்பனை குறையாதா?” என்று கேட்கலாம். சிலர் வாங்காமல் போகலாம். ஆனால் ரேயான் புடவை இழிவான சரக்கல்ல. தன் பெயரோடு, தன் விலைக்கு விற்றால் அதை வாங்கவும் ஆட்கள் உண்டு. தெரிந்து வாங்கியவர் திரும்பி வந்து சண்டையிடமாட்டார்.

விதி இதுவே: வழக்கு வந்தால் நாம் தப்பித்துக்கொள்ள உதவும் சொல்லை அல்ல, வாங்குகிறவருக்கு உள்ளபடி விளங்கும் சொல்லைத் தெரிந்தெடுங்கள்.

அப்பியாசம்: பாவு பட்டு, ஊடை பாலியெஸ்டர். ‘சில்க் சாரி’ என்று எழுதலாமா? வீட்டில் பிள்ளைகளைக் காரணத்தோடு சொல்லச் செய்யுங்கள்.